பாதிப் பிள்ளைகளுக்கு நுரையீரல் கெட்டதா? ஆய்வுகளைத் தரம் பார்க்க ஒரு பாடம்

2016-ஆம் ஆண்டு நவம்பர் முதல் வாரத்தைத் தில்லித் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தீபாவளி முடிந்து ஒரு வாரம் ஆகியும் புகை கலையவில்லை. பகல் பதினொரு மணிக்கும் வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடின. பள்ளிக்கூடங்களுக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார்கள். நாங்கள் அப்போது சரோஜினி நகரில் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். மார்க்கெட் வரை போய்த் திரும்பினால் கைக்குட்டையில் கறுப்பு படியும்.

எங்கள் மேல்வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. கணவனும் மனைவியும் அரசு ஊழியர்கள். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. ஒரு நாள் மாலை இருவரும் கையில் செய்தித்தாளோடு கீழே இறங்கி வந்தார்கள்.

"தில்லிப் பிள்ளைகளிலே பாதிப் பேருக்கு நுரையீரல் கெட்டுப்போச்சாம் அண்ணாச்சி. இனிமே சரியே ஆகாதாம். பாப்பாவை ஊரிலே ஆச்சியிடம் விட்டுடலாம்னு பார்க்கிறோம். நீங்க கணக்கு பார்க்கிற ஆளு, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் அவர். அவர் மனைவி ஒன்றும் பேசாமல் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

நான் அந்நாளில் மருத்துவப் புள்ளிவிவரப் பிரிவில் பணியில் இருந்தேன். மருத்துவர்கள் எழுதும் தொகுப்பாய்வுகளுக்கு, ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரையின் தரத்தையும் சரிபார்த்துக் குறிப்பு எழுதுவது என் வேலைகளில் ஒன்று. நம்மிடம் கேட்கிறார்களே என்ற பெருமையில் செய்தியை இரண்டு நிமிடம் படித்துவிட்டு, "ஒரே ஒரு முறை எடுத்த கணக்கை வைத்து 'இனி சரியாகாது' என்று யாராலும் சொல்ல முடியாது. பெருக்கி எழுதியிருக்கிறார்கள். பயப்படாமல் போங்கள்" என்று அனுப்பிவிட்டேன்.

நான் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தவறு. இரண்டு வாரம் கழித்து நள்ளிரவில் கதவு தட்டப்பட்டது. பாப்பாவுக்கு மூச்சு இழுத்தது. நெஞ்சுக்குள் விசில் அடிப்பதுபோலச் சத்தம். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆஸ்துமா என்றார்கள். அந்தத் தாய் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. மறுநாள் அந்த ஆய்வறிக்கையைத் தேடி எடுத்து, அலுவலகத்தில் மற்ற ஆய்வுகளைப் பார்ப்பதுபோலவே கேள்வி கேள்வியாகப் பார்த்தேன். அந்த வழிமுறையை நம் வாசகர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குறுக்குவெட்டு ஆய்வு என்றால் என்ன?

வாழைத்தண்டைக் குறுக்கே ஒரு வெட்டு வெட்டினால் அந்த இடத்தில் உள்ளே எப்படி இருக்கிறது என்பது தெரியும். தண்டு எப்படி வளர்ந்தது, நாளை எப்படி இருக்கும் என்பது தெரியாது. அதுபோல, மக்களில் ஒரு பகுதியினரை ஒரு குறிப்பிட்ட காலத்தில் ஒரே ஒரு முறை பரிசோதித்து, "இத்தனை பேருக்கு இந்த நோய் இருக்கிறது, இத்தனை பேருக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது" என்று கணக்கெடுப்பதைக் குறுக்குவெட்டு ஆய்வு என்கிறோம். ஆங்கிலத்தில் கிராஸ்-செக்ஷனல் ஸ்டடி என்று பெயர்.

இதற்குச் செலவு குறைவு, காலமும் குறைவு. ஓர் ஊரில் எத்தனை நோயாளிகள் இருக்கிறார்கள், எத்தனை மாத்திரை வாங்கி வைக்க வேண்டும், எத்தனை மருத்துவர்கள் வேண்டும் என்று திட்டமிட இதைவிட நல்ல கருவி இல்லை. நாம் பத்திரிகையில் பார்க்கும் பெரும்பாலான சதவீதங்கள் இவ்வகை ஆய்விலிருந்து வருபவையே.

ஆனால் இதற்கு இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது, எது முன், எது பின் என்று இது சொல்லாது. உடற்பயிற்சி செய்யாதவர்களுக்கு மூட்டுவலி அதிகம் என்று ஒரு கணக்கெடுப்பு காட்டினால், பயிற்சி இல்லாததால் வலி வந்ததா, வலி வந்ததால் பயிற்சியை விட்டார்களா என்பது தெரியாது. இரண்டாவது, ஆய்வு நடந்த நாளில் அங்கே இருந்தவர்களை மட்டுமே இது காணும். இறந்தவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள், விரைவில் குணமானவர்கள் கணக்கில் வர மாட்டார்கள்.

இதற்குத் தில்லியிலேயே நாம் கண்ட ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கொரோனா காலத்தில், 2020 ஜூன் 27 முதல் ஜூலை 10 வரை, தில்லியில் 21,387 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்து 23.48 சதவீதத்தினருக்கு நோய் எதிர்ப்புப் பொருள் இருப்பதாக அறிவித்தார்கள். ஆகஸ்டில் அது 29.1 சதவீதம். செப்டம்பரில் 25.1 சதவீதம். ஒரு முறை தொற்று வந்துபோனவர் வராதவராக மாற முடியுமா? முடியாது. ஒவ்வொரு முறையும் பரிசோதிக்கப்பட்டவர்கள் வேறு ஆட்கள். அவர்களைத் தேர்ந்த இடங்களும் வேறு. எதிர்ப்புப் பொருளும் சில மாதங்களில் சிலருக்கு அளவிட முடியாதபடி குறைந்துவிடும். 2021 ஜனவரியில் நடந்த சுற்றில் 56.13 சதவீதம் என்று வந்தது. இந்த நான்கு எண்களும் நான்கு தனித்தனிக் குறுக்குவெட்டுகள். ஒரே ஆளை நான்கு முறை பார்த்த கணக்கு அல்ல.

தொகுப்பாய்வும் சரிபார்ப்புப் பட்டியலும்

ஒரே பொருளைப் பற்றிப் பத்து ஆய்வுகள் பத்து விதமாகச் சொல்லும்போது, அவை அனைத்தையும் விதிப்படி தேடித் திரட்டி, ஒப்பிட்டு, ஒரு முடிவுக்கு வருவதே தொகுப்பாய்வு. இதில் ஒவ்வோர் ஆய்வின் தரத்தையும் பார்க்காமல் கூட்டிச் சராசரி போட்டால், பத்துப் படி அரிசியில் கல்லையும் சேர்த்து அளந்த கதையாகிவிடும். ஆகவே தொகுக்கும் முன் சலிக்க வேண்டும்.

சலிப்பதற்குச் சில பட்டியல்கள் இன்று வழக்கில் உள்ளன. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் இயங்கும் ஜே.பி.ஐ. என்ற நிறுவனம் இரண்டு பட்டியல்களை வைத்திருக்கிறது. காரணத் தொடர்பை ஆராயும் குறுக்குவெட்டு ஆய்வுகளுக்கு 8 கேள்விகள். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று மட்டும் சொல்லும் ஆய்வுகளுக்கு 9 கேள்விகள். 2016-இல் வெளியான ஆக்சிஸ் என்ற பட்டியலில் 20 கேள்விகள். ஹோய் என்பவரும் அவருடைய குழுவினரும் 2012-இல் வெளியிட்ட பட்டியலில் 10 கேள்விகள். நியூகாசில்-ஒட்டாவா அளவுகோல் என்று ஒன்று உண்டு. அது வேறு வகை ஆய்வுகளுக்காக எழுதப்பட்டது. அதைப் பலர் குறுக்குவெட்டு ஆய்வுக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். ஆளுக்கொரு விதமாக மாற்றியிருப்பதால், எந்த வடிவம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

2007-இல் வந்த ஸ்ட்ரோப் என்ற 22 அம்சப் பட்டியலையும் சிலர் தரம் பார்க்கப் பயன்படுத்துகிறார்கள். அது பொருந்தாது. ஒரு கட்டுரையில் என்னென்ன விவரம் எழுதப்பட வேண்டும் என்பதற்கான பட்டியல் அது. குறையை ஒளிக்காமல் தெளிவாக எழுதிய மோசமான ஆய்வும் அதில் முழுமையாகத் தேறிவிடும். நல்ல ஆய்வைச் சரியாக எழுதத் தெரியாதவர் அதில் தோற்பார்.

பட்டியல் எதுவானாலும் கேட்கப்படும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றே. அவற்றை ஆறாகச் சுருக்கித் தருகிறேன்.

1. யாரைப் பற்றிச் சொல்கிறார்கள், யாரைப் பார்த்தார்கள்?

எங்கள் குடியிருப்பில் ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை இலவச இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை வைத்தோம். வந்தவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை அதிகம் இருந்தது. "நம் குடியிருப்பில் பாதிப் பேருக்கு நீரிழிவு" என்று அறிவிப்புப் பலகையில் எழுதியவன் நான்தான்! ஞாயிறு காலை வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் நின்றவர்கள் யார்? ஏற்கெனவே சர்க்கரை இருப்பவர்களும், பெற்றோருக்கு இருந்ததால் பயந்தவர்களும், ஓய்வு பெற்ற பெரியவர்களும். இருபத்தைந்து வயது இளைஞன் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். பலகையை மறுநாள் நானே அழித்தேன்.

2. எத்தனை பேரை, எப்படித் தேர்ந்தார்கள்?

1936-இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை அதிபர் தேர்தலுக்குக் கருத்துக் கணிப்பு நடத்தியது. சுமார் ஒரு கோடி அட்டைகளை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. வென்றவர் ரூஸ்வெல்ட்; அப்போதிருந்த 48 மாநிலங்களில் 46 அவர் பக்கம். தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியலிலிருந்தும் முகவரி எடுத்ததால் வசதியானவர்களின் குரலே அதிகம் கேட்டது. பதில் எழுதியவர்களும் எல்லோரையும் ஒத்தவர்களாக இல்லை.

எண்ணிக்கை பெரிதானால் தற்செயல் பிழை குறையும் என்பது உண்மை. சரியான முறையில் தேர்ந்த 400 பேரில் 40 சதவீதம் என்று வந்தால், உண்மை 35-க்கும் 45-க்கும் இடையில் இருக்கலாம். அதே முறையில் 10,000 பேரைப் பார்த்தால் 39-க்கும் 41-க்கும் இடையில். ஆனால் தேர்ந்த முறையே கோணலானால், எண்ணிக்கையைக் கூட்டக் கூட்டத் தவறான விடையை உறுதியாகச் சொல்வோம், அவ்வளவுதான்.

3. வராதவர்கள் யார்?

ஆயிரம் பேரைத் தேர்ந்து அறுநூறு பேர்தான் வந்தார்கள் என்றால், வராத நானூறு பேரைப் பற்றிக் கட்டுரையில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அவர்களுடைய வயது, பால், தொழில் ஆகியவை வந்தவர்களை ஒத்திருந்தால் ஓரளவு நம்பலாம். அந்த நானூறைப் பற்றி ஒரு வரியும் இல்லாவிட்டால் முடிவைத் தள்ளி நின்று பாருங்கள்.

4. எதைக் கொண்டு அளந்தார்கள்?

"உங்களுக்கு மூச்சுத்திணறல் உண்டா?" என்று கேட்பது ஒன்று, கருவியில் ஊதச் சொல்லி அளப்பது மற்றொன்று. கருவி எல்லா இடத்திலும் ஒன்றா, அளந்தவர்கள் ஒரே பயிற்சி பெற்றவர்களா, "குறைவு" என்பதற்கு வைத்த எல்லை எது, அந்த எல்லை நம் பிள்ளைகளின் உயரத்துக்கும் வயதுக்கும் பொருந்துமா என்று கேட்க வேண்டும். குழந்தைகள் விஷயத்தில் இன்னொன்று உண்டு. ஊதும் சோதனையில் பிள்ளை முழு மூச்சோடு ஊத வேண்டும். வெட்கப்பட்டுப் பாதி ஊதினால் நல்ல நுரையீரலும் கெட்டதாகத் தெரியும்.

5. வேறு காரணம் ஒளிந்திருக்கிறதா?

இரண்டு கூட்டத்தாரை ஒப்பிடும்போது, நாம் தேடும் காரணத்தைத் தவிர மற்றவை ஒத்திருக்க வேண்டும். நகரப் பிள்ளைக்கும் கிராமத்துப் பிள்ளைக்கும் காற்று மட்டுமா வேறு? சாப்பாடு வேறு, உயரம் வேறு, அடுப்பு வேறு, வீட்டில் பீடி குடிப்போர் எண்ணிக்கை வேறு. இவற்றை அளந்து கணக்கில் கழித்தார்களா என்பது முக்கியமான கேள்வி.

6. அளந்ததற்கு மேல் சொல்கிறார்களா?

முடிவுரையில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, "இது எந்த அட்டவணையிலிருந்து வந்தது?" என்று கேளுங்கள். அட்டவணை இல்லாத வாக்கியம் ஆசிரியரின் ஊகம். பணம் கொடுத்தவர் யார், அவருக்கு இதில் ஆதாயம் உண்டா என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம்.

நல்ல ஆய்வுக்கு ஓர் எடுத்துக்காட்டு

குறை சொல்லவே கற்றுக்கொண்டால் போதாது. நல்லதையும் அடையாளம் காண வேண்டும். நம் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நடத்திய இந்தியாப் என்ற ஆய்வு, நாடு முழுவதும் 31 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் 20 வயது நிரம்பிய 1,13,043 பேரைப் பரிசோதித்தது. தானாக வந்தவர்களைப் பார்க்கவில்லை. கிராமம், நகரம் என்று பிரித்து, அதில் ஊரைத் தேர்ந்து, ஊரில் வீட்டைத் தேர்ந்து, வீட்டில் ஆளைத் தேர்ந்து, படிப்படியாகப் போனார்கள். 2023-இல் வெளியான முடிவு: நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவு, நகரங்களில் 16.4, கிராமங்களில் 8.9. எங்கள் அறிவிப்புப் பலகையில் நான் எழுதிய "பாதி" எங்கே, இது எங்கே!

இதற்கும் நம் கேள்விகளைப் போடலாம். களப்பணி 2008 அக்டோபரில் தொடங்கி 2020 டிசம்பரில்தான் முடிந்தது. முதலில் பார்த்த மாநிலத்தின் எண்ணும் கடைசியில் பார்த்த மாநிலத்தின் எண்ணும் ஒரே காலத்தவை அல்ல. ஆகவே ஒரு மாநிலத்தை மற்றொன்றோடு ஒப்பிடும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்தார்கள். நரம்பிலிருந்து எடுத்துப் பார்ப்பது இன்னும் துல்லியம். இத்தனை பெரிய நாட்டில் வீடு வீடாகப் போகும்போது அதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். குறை இருக்கிறது, அந்தக் குறை முடிவைக் கவிழ்க்கும் அளவு பெரிதா என்பதே நாம் எடைபோட வேண்டியது.

மதிப்பெண் போடலாமா?

இருபது கேள்வியில் பதினைந்துக்கு "ஆம்" என்றால் 75 மதிப்பெண், ஆய்வு முதல் வகுப்பு என்று சொல்லிவிடத் தோன்றும். அது ஆபத்து. மருந்துச் சோதனைகளை வைத்து யூனி என்பவரும் அவருடைய குழுவினரும் 1999-இல் ஒன்றைக் காட்டினார்கள். ஒரே 17 சோதனைகளை 25 வெவ்வேறு அளவுகோல்களால் அளந்தபோது, எது தரமானது என்பதே அளவுகோலுக்கு அளவுகோல் மாறியது. தொகுப்பின் முடிவும் அதற்கேற்ப மாறியது. ஆக்சிஸ் பட்டியலைச் செய்தவர்களும் கூட்டுத்தொகை போடும் முறையைத் தரவில்லை.

காரணம் எளிது. நன்றாக எழுதப்பட்ட முன்னுரைக்கு ஒரு மதிப்பெண், சரியாகத் தேர்ந்த மாதிரிக்கும் ஒரு மதிப்பெண் என்றால் இரண்டும் சமமாகிவிடும். சாம்பாரில் கறிவேப்பிலை இல்லாததும் பருப்பு இல்லாததும் ஒரே குறையா? ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் விடையைத் தனித்தனியே எழுதி, இந்தக் குறையால் எண் கூடியிருக்குமா, குறைந்திருக்குமா என்றும் பக்கத்தில் எழுத வேண்டும். இருவர் தனித்தனியே பார்த்து ஒப்பிட வேண்டும். ஒத்துவராவிட்டால் மூன்றாமவர் தீர்க்க வேண்டும். பிறகு பலவீனமான ஆய்வுகளை எடுத்துவிட்டு மறுபடி கூட்டிப் பார்த்து, முடிவு மாறுகிறதா என்று சொல்ல வேண்டும்.

அந்தத் தில்லி ஆய்வு என்ன சொன்னது?

செய்தித்தாளின் "பாதிப் பேர்" எங்கிருந்து வந்தது என்று தேடினேன். கொல்கத்தாவின் சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தார் செய்து, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2012-இல் வெளியிட்ட அறிக்கை அது. தில்லியின் 36 பள்ளிகளில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சேர்த்திருந்தார்கள். ஒப்பிடுவதற்கு மேற்கு வங்கம், உத்தராகண்ட் கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகள். நுரையீரல் செயல்திறன் குறைவாக இருந்தவர்கள் தில்லியில் 43.5 சதவீதம், கிராமங்களில் 25.7 சதவீதம்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். சுத்தமான காற்றுள்ள கிராமத்திலும் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் "குறைவு" என்று வந்திருக்கிறது. ஆகவே 43.5 முழுவதையும் தில்லிக் காற்றின் தலையில் போட முடியாது. நாம் பேச வேண்டியது இடையிலுள்ள சுமார் 18-ஐப் பற்றி. அந்தப் 18-இலும் உணவு, உயரம், வீட்டுச் சூழல் ஆகியவற்றின் பங்கு இருக்கலாம். 43.5 என்பதைப் பத்திரிகைகள் "பாதி" ஆக்கி, தில்லியின் 44 லட்சம் குழந்தைகளால் பெருக்கி, "22 லட்சம் பேருக்கு மீளாத பாதிப்பு" என்று எழுதின. "மீளாத" என்று சொல்ல வேண்டுமானால் அதே பிள்ளைகளைப் பல ஆண்டு கழித்து மறுபடி பார்த்திருக்க வேண்டும். ஒரே வெட்டில் அது தெரியாது. இதுவரை என் முதல் பாதி.

இனி என் தவறு. பிழைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்வதில்லை. கிராமத்து வீடுகளில் விறகும் சாணியும் எரித்தால் அங்கேயும் பிள்ளைகளின் நுரையீரல் பாதிக்கப்படும். அப்போது தில்லிக்கும் கிராமத்துக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் குறைவாகத்தான் தெரியும். மூச்சுத்திணறலால் படிப்பை நிறுத்தியவர்களும், பெற்றோரால் ஊருக்கு அனுப்பப்பட்டவர்களும் பள்ளியில் எடுக்கும் கணக்கில் வரவே மாட்டார்கள். மேல்வீட்டார் பாப்பாவை அனுப்பியிருந்தால் அவளும் அப்படித்தான் கணக்கிலிருந்து மறைந்திருப்பாள். ஆகவே ஆய்வில் ஓட்டை இருக்கிறது என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. நிரூபணம் போதவில்லை என்பது வேறு. பொய் என்று நிரூபித்தாயிற்று என்பது வேறு. இருபது ஆண்டு இதே வேலை பார்த்த நான் இரண்டு நிமிடத்தில் அந்த இரண்டையும் குழப்பிவிட்டேன்.

"இனி சரியாகுமா?" என்ற கேள்விக்கு வேறு வகை ஆய்வில்தான் விடை தேட வேண்டும். அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளந்தார்கள். ஆய்வின்போது வேறு ஊருக்குக் குடிபோன 110 பிள்ளைகளைத் தேடிப்போய் அளந்தபோது, தூசு குறைந்த இடத்துக்குப் போனவர்களின் நுரையீரல் வளர்ச்சி கூடியிருந்தது. தூசு மிகுந்த இடத்துக்குப் போனவர்களுக்குக் குறைந்திருந்தது. அது 2001-இல் வெளிவந்தது. 2015-இல் வெளியான மற்றொரு கட்டுரையில், 1994-க்கும் 2011-க்கும் இடையே மூன்று தலைமுறைப் பிள்ளைகள் 2,120 பேரை ஒப்பிட்டு, காற்று சுத்தமாக ஆக வளர்ச்சியும் மேம்பட்டதைக் காட்டினார்கள். வளரும் வயதில் காற்று மாறினால் நுரையீரலின் வளர்ச்சியும் மாறுகிறது. "சரியே ஆகாது" என்பது தவறு. "பயப்பட ஒன்றும் இல்லை" என்று நான் சொன்னதும் தவறு.

மேல்வீட்டில் சொன்னது

ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தக் குறிப்புகளோடு மாடியேறினேன். முதலில், "நான் அன்று அவசரப்பட்டுச் சொன்னேன், மன்னிக்கணும்" என்றேன். அந்தம்மா, "நீங்க சொல்லலேன்னாலும் நாங்க அனுப்பியிருக்க மாட்டோம் அண்ணாச்சி, மனசு வரலை" என்றார். காகிதத்தில் இரண்டு பத்தி வரைந்து, தெரிந்தது ஒரு பக்கம், ஊகம் ஒரு பக்கம் என்று எழுதினோம். "நாற்பத்து மூன்றரை சதவீதத்திலே நம்ம பாப்பா எந்தப் பக்கம் அண்ணாச்சி?" என்று அவர் கேட்டார். கூட்டத்தைப் பற்றிய எண் தனி ஒரு குழந்தையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதற்கு மருத்துவர்தான் பாப்பாவையே பார்க்க வேண்டும் என்றேன். பார்த்தார்கள். உறிஞ்சும் மருந்தை ஒழுங்காகக் கொடுத்தார்கள். புகை மிகுந்த நாட்களில் வெளியே விடவில்லை. குழந்தையை மட்டும் அனுப்புவது என்ற பேச்சை விட்டுவிட்டு, குடும்பமாகப் போக மாற்றலுக்கு எழுதிப் போட்டார்கள். இரண்டு ஆண்டில் சென்னைக்குக் கிடைத்தது.

அவர்கள் எடுத்த முடிவுதான் சரி என்று நான் சொல்ல வரவில்லை. தில்லியிலேயே இருந்து நன்றாக வளர்ந்த பிள்ளைகள் நம்மிடையே ஏராளம். ஒரு தலைப்புச் செய்தியைப் பார்த்தோ, என்னைப் போன்ற ஓர் அரைகுறை ஆசாமியின் ஒரு வார்த்தையைக் கேட்டோ தாயையும் பிள்ளையையும் பிரிக்கும் முடிவையோ, பிரிக்காத முடிவையோ எடுக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். நாங்கள் இருந்த அந்த வீடும் இப்போது இல்லை. குடியிருப்பை இடித்து அடுக்கு மாடிகள் எழுப்பும் திட்டத்தில் போய்விட்டது.

வீட்டுப் பயிற்சி

அடுத்த முறை செய்தித்தாளில் உடல்நலம் பற்றிய சதவீதம் ஒன்று கண்ணில் பட்டால், வீட்டிலுள்ள உயர்நிலைப் பள்ளி மாணவரையும் உடன் வைத்துக்கொண்டு, ஒரு தாளில் இவற்றை எழுதிப் பாருங்கள்: யாரைப் பார்த்தார்கள்? எப்படித் தேர்ந்தார்கள்? வராதவர் எத்தனை பேர்? எதைக் கொண்டு அளந்தார்கள்? எதனோடு ஒப்பிட்டார்கள்? ஒரு முறை பார்த்தார்களா, தொடர்ந்து பார்த்தார்களா? செய்தியில் விடை கிடைக்காத கேள்விக்கு எதிரே "தெரியாது" என்றே எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் கீழே கடைசியாக ஒரு வரி: இதில் தவறு இருந்தால், அது எண்ணைக் கூட்டியிருக்குமா, குறைத்திருக்குமா? அந்தக் கடைசி வரியைத்தான் அன்று நான் எழுதாமல் விட்டேன்.